ஊக்கில் மாட்டிய சாவி

இரவு ஒன்பது மணிக்கு என் விரல்கள் பத்தும் சொன்ன பேச்சைக் கேட்கும். முன்கதவுக்கு வெளியே இருக்கும் கிறில் கம்பிக்கதவை இழுத்துச் சாத்தி, உள்பக்கமாகப் பூட்டைப் போட்டு, சாவியை உருவி, ஓர் ஊக்கில் கோத்துத் தாலிக்கொடியில் மாட்டிக்கொள்வேன். அந்த நேரத்தில் எனக்கு நோய் என்று யாராவது சொன்னால் நானே நம்பமாட்டேன். கிளினிக் கொப்பியில் வேறு யாருடைய வருத்தத்தையோ என் பெயருக்கு எழுதிவிட்டார்கள் என்று தோன்றும். பிறகு இரவு ஒரு மணி ஆகும்.

எனக்கு இருப்பது முடக்குவாதம். நாற்பத்தாறு வயதில் வந்தது, இப்போது நாற்பத்தொன்பது. கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். அலுவலகத்தில் நோயின் பெயரைச் சொன்னால், "ஓ, மூட்டு வலியா? எங்க மாமிக்கும் இருக்கு" என்பார்கள். மாமிக்கு எழுபத்தைந்து வயது, மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்குமாம். நான் தலையாட்டுவேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று வாய் வரை வரும், விழுங்கிவிடுவேன். ஒருத்தி நொச்சி இலை கொண்டுவந்து தருவாள், இன்னொருத்தி கத்தரிக்காயை விடு என்பாள். மூன்று வருடத்தில் நான் விட்ட காய்கறிகளைச் சேர்த்தால் ஒரு கடை வைக்கலாம். கத்தரிக்காய்க்கும் எனக்கும் ஒரு பகையும் இல்லை என்று போன மாதம்தான் மறுபடியும் பொரித்துத் தின்றேன்.

என் வீட்டுக்காரர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். மாலை ஆறரைக்குப் போனால் விடியற்காலை நாலே முக்காலுக்கு வருவார். பேக்கரி வேன் சந்தியில் இறக்கிவிடும், அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு எழுபது படி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே இரவில் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். அவர் வரும்போது கிறிலைத் திறந்துவிடுவதும் நான்தான்.

பூட்டு வந்த கதையைச் சொல்லவேண்டும். எரிவாயுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் எங்கள் வரிசையில் மூன்று வீட்டில் சிலிண்டர் களவு போனது. ஒரு வீட்டில் ஆணியில் தொங்கிய சாவியை ஜன்னல் வழியாகக் கம்பு விட்டு எடுத்திருக்கிறார்கள். அதன் பிறகுதான் நாங்கள் கிறில் போட்டோம். கள்ளன் கை நுழையக் கூடாது என்று கம்பிகளை நெருக்கமாக வைக்கச் சொன்னதும் நான்தான். சாவியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் நானே பதில் கண்டுபிடித்தேன். எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் தாலிக்கொடியில் இரண்டு ஊக்காவது தொங்கும். சேலைக்கு ஒன்று, அவசரத்துக்கு ஒன்று. அதில் ஒன்றில் சாவியை மாட்டினால் கழுத்தைத் தொடாமல் எவனும் எடுக்க முடியாது. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இனி இரவு ஒரு மணிக்கு வருகிறேன்.

முதலில் குளிர் வரும். கண்டியில் மார்கழி தை மாதத்தில் எல்லாருக்கும் குளிரும், போர்த்திக்கொண்டால் போய்விடும். இந்தக் குளிருக்குப் போர்வை ஒரு பொருட்டில்லை. இரண்டு சுவெட்டர், அவருடைய காலுறை, காதை மூடும் குரங்குத் தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு, பல் கிட்டிப்போய், போர்வையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். கட்டில் கால் தரையில் தட்டும் சத்தம் எனக்கே கேட்கும். முக்கால் மணித்தியாலம் அப்படிப் போன பிறகு வேர்க்கும். நைட்டி முழுக்க நனைந்துவிடும். மாற்றலாம் என்றால் அதற்குள் விரல்கள் கதவடைத்துவிட்டிருக்கும், பொத்தானைக் கழற்ற வராது. நனைந்த துணியோடு அப்படியே கிடக்கவேண்டும். மறுபடியும் குளிரும்.

அடுத்தது வலி. தோளில் படுத்தால் தோள், முதுகில் படுத்தால் இடுப்பு. பக்கம் மாறிப் படுப்பதைத் திட்டம் போட்டுத்தான் செய்யவேண்டும். முதலில் முழங்கையை ஊன்றி, பிறகு முழங்காலை இழுத்து, நடுவில் கொஞ்சம் நின்று, முருகா என்று ஒரு தடவை சொல்லி, மற்றப் பக்கம் விழவேண்டும். விழுந்து ஐந்து நிமிடத்தில் அந்தப் பக்கமும் வலிக்கத் தொடங்கும். மழைக்காலத்தில் எங்கள் அலுமாரியின் லாச்சி ஈரத்தில் ஊதி, எவ்வளவு இழுத்தாலும் வராமல் அடம்பிடிக்கும். என் விரல்களும் அந்த நேரத்தில் அப்படித்தான். உள்ளே இருக்கிறேன், இழுத்தால் வரமாட்டேன்.

டெங்குக்குப் பயந்து நுளம்பு வலை கட்டியிருக்கிறோம். வலையின் ஓரத்தை மெத்தைக்குக் கீழே அவர்தான் இறுக்கிச் சொருகிவிட்டுப் போவார். மாவு பிசைகிற கை. அதை உருவி வெளியே வர எனக்குப் பதினைந்து நிமிடம் ஆகும். கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்கில் கொத்தமல்லித் தண்ணீர் இருக்கும். சூடு போகக் கூடாது என்று மூடியையும் அதே கையால் இறுக்கிவைப்பார். அதை நான் ஒரு நாளும் இரவில் திறந்து குடித்ததில்லை. விடிந்ததும் விரல் இளகிய பிறகு திறந்து சமையலறைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, "நல்லா இருந்திச்சி" என்பேன். அவருக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஏன் பொய் சொன்னேன் என்றால், வவுனியாவுக்குப் பயந்து.

அவருடைய அண்ணன் குடும்பம் வவுனியாவில் இருக்கிறது. எனக்கு வருத்தம் என்று தெரிந்த நாளிலிருந்து என் ஓரகத்தி, அதாவது அந்த அண்ணனின் மனைவி, வாரத்துக்கு இரண்டு தடவை போன் பண்ணுவாள். "அங்க குளுருல கெடந்து ஏன் சாகுற? இங்க வந்து வெயில்ல உக்காரு. ஒரு வேலையும் செய்ய வேணாம், நான் பாத்துக்கிறேன்." நல்ல மனசுதான். ஆனால் அவள் வீட்டில் ஏற்கெனவே அப்படி ஒருத்தி உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவளுடைய சித்தி, பக்கவாதம் வந்தவர். முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்காரவைப்பார்கள். வெயில் வந்தால் கதிரையை நகர்த்துவார்கள், சாப்பாட்டு நேரத்தில் உள்ளே திருப்புவார்கள். எந்தப் பக்கம் பார்த்து உட்காரவேண்டும் என்று அவரை யாரும் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரர் அந்த யோசனையில் பாதி விழுந்துவிட்டார். "ராத்திரியில உனக்கு முடியாமப் போனா சொல்லு. நான் பேக்கரிய விட ஏலாது. வவுனியாவுல ஆள் இருக்கு" என்று ஒரு நாள் சொன்னார். நான் அலுவலகத்தை விட்டு, இந்த எழுபது படியை விட்டு, அவரையும் விட்டு அங்கே போய் உட்காரவேண்டும். அவர் மாதத்துக்கு ஒரு தடவை பஸ்சில் வந்து பார்ப்பார். அன்றைக்கே முடிவு பண்ணினேன், என் இரவு இவருக்குத் தெரியவே கூடாது.

மூன்று மணிக்கு எழும்பிவிடுவேன். முழங்கையால் வலையை இளக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய், உள்ளங்கையின் அடிப்பாகத்தால் மின்கேத்தலின் பொத்தானை அமுக்குவேன். பேசினில் சுடுதண்ணீரை ஊற்றி இரண்டு கையையும் முக்கிக்கொண்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பேன். ஆற ஆற ஊற்றவேண்டும். நாலேகாலுக்கு விரல் நுனிகள் ஒன்றையொன்று தொடும். நாலரைக்கு ஊக்கைத் திறந்து சாவியை எடுத்துப் பூட்டில் வைத்துவிட்டு, தொப்பியையும் காலுறையையும் கழற்றி ஒளித்துவிட்டு நிற்பேன். அவர் வந்து கம்பியில் தட்டியதும் அப்போதுதான் படுக்கையிலிருந்து எழும்பியவள் மாதிரி ஒரு கொட்டாவி விடுவேன். அவரும், "பாவம், தூக்கத்தக் கெடுக்கிறேன்" என்பார். கண்டியில் இந்த நடிப்புக்குப் பரிசு கொடுப்பதாக இருந்தால் வேறு யாரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை.

பொய்யை வீட்டோடு நிறுத்தியிருக்கலாம். கிளினிக்குக்கும் கொண்டுபோனேன். டொக்டர் எப்போதும் கேட்கும் முதல் கேள்வி, காலையில் விரல் மடங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதுதான். அன்றைக்கு என் வீட்டுக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு என் கதிரைக்குப் பின்னால் நின்றார். நான், "அரை மணித்தியாலம்" என்றேன். டொக்டர் என் விரல் முட்டிகளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், அரை மணித்தியாலம் என்று எழுதினார். அதே மாத்திரை, அதே அளவு. மூன்று மணித்தியால விறைப்புக்கு அரை மணித்தியால மருந்தை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன். வரும் வழியில் இவர், "கொறஞ்சிட்டு வருது, என்ன?" என்று கேட்டு எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அதைப் பிடித்த கை அன்றைக்கு இரவு என்ன பாடுபட்டது என்று சொல்லி முடியாது.

இப்படி எட்டு மாதம் ஓடியது. பல நாள் கள்ளன் ஒரு நாள் அகப்படுவான் என்பார்கள். நான் அகப்பட்டது ஐப்பசி மாதத்து மழையில்.

அன்று இரவு பதினொரு மணிக்கே கரண்ட் போய்விட்டது. மகாவலி ஆற்றுப் பக்கமிருந்து காற்றும் மழையுமாக அடித்தது. குளிர் வழக்கத்தைவிட முந்தி வந்தது, போகவும் மறுத்தது. மூன்று மணிக்கு எழும்பிச் சமையலறைக்குப் போனேன். கேத்தல் வேலை செய்யாது என்பது அதன் பொத்தானை அமுக்கிய பிறகுதான் மண்டையில் ஏறியது. சரி, காஸ் அடுப்பு இருக்கிறதே என்றால் அதன் குமிழை அமுக்கிக்கொண்டே திருப்பவேண்டும். அமுக்கினால் திரும்பவில்லை, திருப்பினால் அமுங்கவில்லை. தீக்குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்து உரசினேன். பெட்டியே கவிழ்ந்து குச்சியெல்லாம் ஈரத்தரையில் கொட்டிவிட்டது. இருட்டில் அதற்கு முன்னால் நின்று அழுதேன். அழுவதற்குக் கை தேவையில்லை.

பிறகு ஊக்கிடம் வந்தேன். ஒரு சின்ன ஊக்கு. குழந்தைகூட அமுக்கித் திறக்கும். என் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் அதன் பக்கத்தில் போய் நின்றன, ஒன்றையொன்று பார்க்கவில்லை. பல்லால் கடித்தேன். இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் வைத்து நெரித்தேன். மேசை விளிம்பில் அமுக்கினேன். அது வளைந்து இன்னும் இறுகிக்கொண்டது.

தாலிக்கொடியோடு கழற்றிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கை தோளுக்கு மேலே போகவில்லை, அது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. குனிந்து, கொடியைப் பல்லால் கவ்வி, தலையை ஆட்டி ஆட்டிக் காது வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். இன்னும் இரண்டு அங்குலம். அப்போது வெளியே இடி இடித்தது. இவர் அந்த நேரத்தில் மழையில் வேனில் ஏறிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். விட்டுவிட்டேன். சகுனம் பார்க்கிறவர்களை அலுவலகத்தில் கேலி செய்கிறவள் நான். அன்று என்மேலேயே எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வாயிலிருந்த கொடியைத் துப்பிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்ப இன்னொரு கால் மணித்தியாலம் ஆயிற்று.

நாலே முக்காலுக்குக் கம்பியில் தட்டும் சத்தம் கேட்டது. முன்கதவின் கொண்டியை முழங்கையால் தட்டித் திறந்தேன். கிறிலுக்கு வெளியே அவர் பொலித்தீன் உறையைத் தலையில் போட்டுக்கொண்டு சொட்டச் சொட்ட நின்றார்.

"என்ன, நல்லாத் தூங்கிட்டியா?"

"சாவியக் காணோம்" என்றேன்.

"கழுத்துலதானே போடுவ."

"பாத்துட்டேன். இல்லங்க."

அவர் போன் வெளிச்சத்தை என் பக்கம் அடித்தார். சாவி நெஞ்சின் நடுவில் பளபளவென்று தொங்கியது. குரங்குத் தொப்பி, இரண்டு சுவெட்டர், காலுறை எல்லாமும் சேர்ந்து அகப்பட்டன.

"அந்தாத் தொங்குது?"

"தொறக்க முடியல."

"பூட்டையா?"

"ஊக்கை."

அவர் சிரித்தார். "ஒரு ஊக்கையா?" என்று கேட்டுக்கொண்டே வெளிச்சத்தைக் கீழே இறக்கினார். வெளிச்சம் என் கைக்கு வந்தது. இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால், மடங்கவும் முடியாமல் நீளவும் முடியாமல், பாதியில் நின்றுகொண்டிருந்தன. அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை.

"கிட்ட வா" என்றார். கம்பியோடு கம்பியாக நெஞ்சை வைத்து நின்றேன். அவர் விரல்களை உள்ளே விட்டார். இரண்டு விரல்தான் வந்தது, முட்டியில் இடித்து நின்றுவிட்டது. கள்ளனுக்காக நான் போட்ட கணக்கு அவ்வளவு சரியாக இருந்தது. அந்த இரண்டு விரலும் என் சாவியைத் தொட்டன, ஊக்கைத் தொட்டன, வளைந்துபோன ஊக்கைத் திறக்க அவற்றாலும் முடியவில்லை. குளிர்ந்து ஈரமாக இருந்தன. அவருக்கு மூச்சு வாங்குவது கேட்டது.

"அக்கம்பக்கத்துல யாரையாவது எழுப்பவா?"

"வேணாம்." இந்தக் கோலத்தில் என்னை யாரும் பார்க்கக் கூடாது.

அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என்ன செய்வதென்று தெரியாத ஆண்கள் செய்வதை அவரும் செய்தார். சேட்டுக்குள் கை விட்டு, நனையாமல் வயிற்றோடு கட்டிக்கொண்டு வந்த பேக்கரி ரொட்டியை, ஓர் இறாத்தல் பாணை எடுத்து, "பாண் திங்கிறியா?" என்று கேட்டார்.

"இப்ப எனக்குப் பாண் ஒண்ணுதான் கேடு!" என்று கத்தினேன். எட்டு மாதத்துக் கோபமும் அதில் வந்தது. அவர் அதைக் காதில் வாங்காமல் பாணைப் பிய்த்துப் பிய்த்துக் கம்பிக்குள்ளால் நீட்டினார். வாங்க விரல் இல்லை, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஏந்தினேன். பாண் சுட்டது. அடுப்பிலிருந்து எடுத்து ஒரு மணித்தியாலம்கூட ஆகியிருக்காது, வெள்ளைப் பகுதியிலிருந்து ஆவி வந்தது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. விரல்களை அப்படியே அதற்குள் குத்தினேன்.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டேன்.

மற்றப் பாதியையும் கம்பிக்குள்ளால் நெருக்கிக் கொடுத்தார். கையை உள்ளே வைத்துக்கொண்டு கதவு நிலையில் சாய்ந்தேன். அவர் வெளியே படியில் உட்கார்ந்தார், கூரையின் சாரல் அவர் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. இனி ஒளிக்க என்ன இருக்கிறது? சொன்னேன். ஒரு மணிக் குளிர், இரண்டு மணி வேர்வை, நுளம்பு வலை, மூன்று மணிக் கேத்தல், தொட்டியில் ஊற்றிய கொத்தமல்லித் தண்ணீர், எல்லாம். கொத்தமல்லிக்குத்தான் அவர் முகம் அதிகமாக வாடியது.

"டொக்டர்கிட்ட அரை மணித்தியாலம்னு சொன்னியே."

"நீங்க பின்னால நின்னீங்க."

"நான் நின்னா?"

"வவுனியாவுக்கு அனுப்பிருவீங்க."

அவர் படியில் தேங்கிய தண்ணீரைக் காலால் தள்ளிவிட்டார். அக்குறணைப் பக்கம் போகும் முதல் பஸ் கீழே வளைவில் ஹோர்ன் அடித்தது. பாங்கு சொல்லி முடிந்தது. விகாரையில் பிரித் ஓதத் தொடங்கினார்கள். ஐந்தரைக்குக் கொஞ்சம் முன்னால் என் கட்டைவிரல் ஆட்காட்டி விரலைத் தொட்டது. வளைந்த ஊக்கை வைத்துக் கொஞ்சம் போராடினேன், திறந்தது. பூட்டையும் நான்தான் திறந்தேன். அவர் உள்ளே வந்து தலையைத் துவட்டிவிட்டு, என் விரல் போன ஓட்டைகளோடு அந்தப் பாணைச் சம்பல் தொட்டு முழுதும் சாப்பிட்டார். வவுனியாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அன்று மாலை அவர் வேலைக்குப் போகும்போது கிறிலை வெளிப்பக்கமாக இழுத்தார். கிளிக் என்று ஒரு சத்தம். பூட்டு வெளியே தொங்கியது. சாவியை அவர் சேட் பையில் போட்டுக்கொண்டார்.

"இனிமே நீ எழும்ப வேணாம். நிம்மதியாப் படு. வந்து நானே தொறந்துக்கிறேன்."

எவ்வளவு சுலபமான வழி! இத்தனை நாள் தோன்றவில்லையே என்றுதான் முதலில் நினைத்தேன். பிளாஸ்க் மூடியை அன்று இளக்கமாக வைத்திருந்தார், வலையை ஒரு பக்கம் சொருகாமல் விட்டிருந்தார். கொத்தமல்லித் தண்ணீரைக் குடித்தேன். ஒரு மணிக்குக் குளிர் வந்தது, இரண்டு மணிக்கு வேர்த்தது. மூன்று மணிக்கு எழும்பவேண்டிய அவசியம் இல்லை. எழும்பாமல் படுத்திருந்தேன். அப்போதுதான் அது தொடங்கியது. மழை பெய்கிறது, பின்னால் மண்மேடு இருக்கிறது, சரிந்தால்? அடுப்பை அணைத்தேனா? நெஞ்சு வலித்தால்? அதெல்லாம் சாக்கு. உண்மையில் எனக்கு எங்கும் போகவேண்டியதில்லை, போகவும் முடியாது. ஆனால் அதற்கு முந்தைய நாள் வரைக்கும் என்னை உள்ளே வைத்துப் பூட்டியது நான். இன்று வேறு ஆள்.

பொறுக்காமல் எழும்பிப் போய்க் கம்பிக்குள்ளால் விரலை விட்டுப் பார்த்தேன். பூட்டு எட்டவில்லை. நாலே முக்காலுக்கு அவர் வந்து பார்க்கும்போது நான் அங்கேயே நின்றேன். "ஏன் எழும்பின?" என்று கோபித்தார். இப்படி ஐந்து இரவு.

ஆறாம் நாள் காலை அவர் தேநீருக்குச் சீனி போட்டுக்கொண்டிருந்தார். நான், "எனக்கு ஒரு சாவி வேணும்" என்றேன்.

"உனக்கு எதுக்குச் சாவி? தொறக்கவா போற?"

அவர் குத்திக்காட்டவில்லை. குரலில் ஒரு பொல்லாப்பும் இல்லை, மழை வருமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். ஒன்றுக்கும் உதவாதவளைக் கையாலாகாதவள் என்பார்கள். அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் பதிலுக்குப் பத்துச் சொல்லியிருப்பேன். அவர் அதைச் சொல்லவில்லை.

"அப்ப வவுனியாவுக்கே அனுப்பிருங்க" என்றேன். "அங்க கதிரையில உக்கார வச்சாலும் வாசக் கேட்டாவது தொறந்து கெடக்கும்."

கரண்டி கோப்பைக்குள்ளேயே நின்றது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தேநீரைக் குடிக்காமல் போய்ப் படுத்துவிட்டார், தூங்கவில்லை என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரும்பு ஒட்டுவேலைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து, பூட்டுப் போடும் இடத்தில் ஒரு கம்பியை வெட்டி, இரண்டு பக்கமிருந்தும் கை போகிற மாதிரி வைத்தார். "கள்ளனுக்கு நல்ல வசதி" என்றேன். "சிலிண்டர்தானே, கொண்டு போகட்டும்" என்றார். மணிக்கூண்டுக்குப் பக்கத்துக் கடையில் இன்னொரு சாவி வெட்டிக்கொண்டு வந்தார். அதை நான் தாலியில் மாட்டவில்லை. அலுவலகத்தில் கோப்புக் கட்டுகிற அகல நாடாவில் முழங்கை நுழைகிற அளவுக்கு ஒரு வளையம் போட்டு, கதவு நிலையில் தொங்கவிட்டேன். பூட்டு மறுபடியும் என் பக்கம் வந்தது. அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம், "மூன்று மணித்தியாலம், சில நாள் நாலு" என்றேன். இவர் அன்றும் பின்னால்தான் நின்றார். மருந்தை மாற்றியிருக்கிறார்கள். கொஞ்சம் குறைந்திருக்கிறது, குளிர் இன்னும் வருகிறது.

இப்போதும் நாலே முக்காலுக்கு எழும்பித்தான் நிற்கிறேன். சில நாள் சுலபமாகத் திறக்கும். போன வியாழக்கிழமை திறக்கவில்லை. சாவியைப் பூட்டுக்குள் வைத்துவிட்டேன், திருப்ப வரவில்லை. பனி கொட்டியது. அவர் வெளியே நின்று பாணைப் பிய்த்து உள்ளே கொடுத்தார். விரலை அதற்குள் வைத்துக்கொண்டு நின்றேன். ஐந்து மணியாயிற்று, ஐந்தேகால் ஆயிற்று. இரவு முழுக்க மாவோடு நின்ற கால், மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தார். அவருடைய சாவி அவர் கையிலேயே இருந்தது.

"உங்க சாவியால தொறந்துட்டு வாங்களேன்" என்றேன்.

"அவசரமில்ல" என்றார். "நீ தொற."